குத்துவிளக்கு ஏற்ற வந்தவர்

குத்துவிளக்கு ஏற்றத்தான் அவரைக் கூப்பிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் பொறுப்பு எங்களுடையது, அவருடையது இல்லை.

டப்ளின், சான் ரமோன் என்று கலிஃபோர்னியாவில் எங்கள் பக்கத்து ஊர்கள் ஃப்ரீவேயை ஒட்டி வரிசையாகக் கிடக்கும். எல்லா ஊரிலும் தமிழ் மன்றம் உண்டு. நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு மன்றம், ஐந்தாவது ஆள் வந்ததும் இரண்டு மன்றம். நம் ஜாதகம் அப்படி. அதில் ஐந்து மன்றங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தோம். பொங்கலுக்கு ஒரே மேடை, தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரே பாடத்திட்டம், யாராவது உடம்பு சரியில்லாமல் படுத்தால் எல்லா ஊரிலிருந்தும் முறை வைத்துச் சாப்பாடு. நோக்கமெல்லாம் நல்ல நோக்கம்தான். யார் தலைவர் என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. ஆள்பலமும் ஸ்பான்சர் பலமும் உள்ள ஒரு மன்றம் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், வாராவாரம் கோவிலில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. பெரிய மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தலைமையை மற்றவர்கள் ஏற்கவில்லை, மற்றவர்கள் தலைமையை அவர்கள் ஏற்கவில்லை. எங்களுடையது இருப்பதிலேயே சின்ன மன்றம். இரண்டு வேனில் ஏற்றினால் மொத்த மன்றமும் அடங்கிவிடும். எங்களை யாரும் கேட்கவே இல்லை.

இந்தச் சிக்கலுக்கு நம்மிடம் ஒரு கைமருந்து உண்டு. எந்தக் கோஷ்டியிலும் சேராத வயதானவர் ஒருவரைப் பிடித்துத் தலைவராக்கிவிடுவது. பட்டுப்புடவை கட்டி வந்து விளக்கேற்றுவார், இரண்டு வார்த்தை பேசுவார், முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். மற்றதை நாம் வாட்ஸப்பில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய மன்றத்துச் செந்தில்தான் அவரைச் சொன்னார்.

"எங்க அத்தை எங்க வீட்லதான் இருக்காங்க. என் வொய்ஃப் நளினியோட அம்மா. ஆப்பிரிக்கால ஏதோ ஆபீஸ்ல வேலை பாத்து ரிடையர் ஆனவங்க. யார் வம்புக்கும் போக மாட்டாங்க. கேட்டா ஒத்துக்குவாங்க."

ஏதோ ஆபீஸ்! அந்தக் கண்டத்து நாடுகள் அத்தனையும் உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் ஒன்றியத்தின் தலைமையகம் அது. அடிஸ் அபாபாவில் இருக்கிறது. இவர் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சில் படித்தவர். அந்த ஒன்றியத்தின் சபையில், கண்ணாடிக் கூண்டுக்குள் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, அதிபர்களும் மந்திரிகளும் பிரெஞ்சில் பேசப் பேச உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வது அவருடைய வேலை. பாதி ஆயுசு அதில் போயிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அது ஏதோ ஆபீஸ். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. எங்களுக்கு அவர் அடிஸ் ஆன்ட்டி, அவ்வளவுதான்.

குள்ளமான உருவம். காட்டன் புடவைக்கு ஸ்னீக்கர்ஸ் போடுவார். நாம் பேசும்போது தலையை இடப்பக்கம் சாய்த்து, அந்தக் காதில் இரண்டு விரலை வைத்துக்கொள்வார். இல்லாத ஹெட்செட்டை அழுத்துகிற பழக்கம் அது. ஆரம்பத்தில் காது மந்தம் என்று நினைத்து எல்லோரும் கத்திப் பேசினோம். கோபம் வந்தால் அவர் குரல் உயராது. ஒருமுறை காரணம் கேட்டேன். "அடுத்தவங்க கோவத்தையெல்லாம் வருஷக்கணக்கா நான் பேசியாச்சு சுமதி. என் கோவத்துக்குச் சத்தம் இல்லாம போயிடுச்சு" என்றார். சத்தம்தான் போயிருந்தது, கோபம் அப்படியே இருந்தது.

காபிக்கொட்டையைப் பச்சையாக வாங்கி வந்து வாணலியில் வறுப்பார். புகை எழும்பி வீட்டு ஸ்மோக் அலாரம் அலறும். பக்கத்து வீட்டுக்காரர் குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுத்தார். இவர் அவரையும் அவர் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். அடிஸில் காபி என்றால் மூன்று சுற்று. மூன்றாவது சுற்று குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமரியாதை. முதல் சுற்றில் புகார் சொன்னவர், மூன்றாவது சுற்றில் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விழாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிளேட்டில் பிரியாணியோடு ஒருவர் இவரிடம் வந்தார். பெரிய கம்பெனியில் பெரிய வேலை.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. அந்த யூனியன் என்னத்தக் கிழிச்சுது? அங்கதான் வருஷா வருஷம் எவனாவது ஆட்சியப் புடிக்கறானே?"

ஆன்ட்டி விரலைக் காதில் வைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டார்.

"டாக்டர் இருக்கற ஊர்லயும் சாவு விழுது தம்பி. அதுக்காக டாக்டர் எதுக்குன்னு கேப்பீங்களா?"

"இல்ல ஆன்ட்டி, ஒரு ஆர்மி இல்ல, பவர் இல்ல. புடிக்கறவன யார் தடுக்க முடியும்?"

"தடுக்க முடியலன்னா விடுங்க. புடிச்சவன் மறுநாள் வந்து சபையில சம்மணம் போட்டு உக்காருவான்ல? அங்க எழுந்து, நீ எந்த வழியா வந்தேன்னு கேக்க ஒருத்தர் வேணும். வாசல் வழியாவா, ஜன்னல் வழியாவா? ஜன்னல் வழியான்னா உனக்கு இங்க உக்கார எடம் இல்ல. எங்க யூனியன் அத கேக்கும். சில தடவ கேக்க லேட்டாகும். சில தடவ கேட்டும் அவன் அசைய மாட்டான். ஆனா கேக்கும். உங்க கம்பெனில அப்படிக் கேக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

அவர் பிரியாணியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கே ஆன்ட்டியைப் பிடித்துப்போனது.

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் விளக்கேற்றக் கூப்பிட்டோம். நூலகத்தில் ஒரு அறை எடுத்து முதல் கூட்டம் போட்டோம். வந்தவர் மாலைக்குத் தலை குனிந்துவிட்டு, நாற்காலிகளை மாற்றிப் போடச் சொன்னார். ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் வைத்தார். அதில் எங்கள் சின்ன மன்றம் முதல் நாற்காலிக்கு வந்தது, பெரிய மன்றம் கடைசிக்குப் போனது. மன்றத்துக்கு ஒரு நாற்காலி, ஒரு குரல். எங்கள் மன்றத்துக்கு நான். ஆள் கணக்கு வெளியே. யாராவது "எங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் ஃபீல் பண்றாங்க" என்று ஆரம்பித்தால், "எல்லாரையும் விடுங்க, உங்களுக்கு என்ன?" என்பார். பிறகு, கூட்டமைப்புக்கு விதிகள் வேண்டாமா என்று தான் எழுதிக் கொண்டுவந்ததை நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். நாங்கள் கம்ப்யூட்டர் ஆட்கள். போனில் ஒரு ஆப் போட்டால் வருமே நீளமாக, அதை எப்படிப் படிக்காமல் சம்மதம் கொடுப்போமோ அப்படியே சம்மதம் கொடுத்தோம். "ஓகே ஆன்ட்டி, ஓகே ஆன்ட்டி" என்று அவசரப்படுத்தியதே செந்தில்தான். ஹோட்டலில் லஞ்ச் பஃபே மூடுகிற நேரம். முறையாகத் தேர்ந்தெடுத்தவர்களைத் தள்ளிவிட்டு ஒரு மன்றத்தை யார் பிடித்தாலும் அந்த மன்றம் நிறுத்தி வைக்கப்படும், தள்ளியவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்று அதில் இருந்தது. அவர் வாசித்தார், எங்கள் காதிலும் விழுந்தது, எல்லோரும் கை தூக்கினோம்.

அடுத்த ஆண்டு பெரிய மன்றத்தின் தேர்தலில் பூங்கொடி ஜெயித்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மன்றத்தைத் தொடங்கிய கோஷ்டியில் அவளுக்கு யாரையும் தெரியாது. தமிழ்ப் பள்ளி அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு அவளை ஜெயிக்கவைத்துவிட்டார்கள். வந்ததும் முதல் வேலையாக, பொங்கல் மேடையில் ஸ்பான்சர்கள் பேசுவதை எடுத்துவிட்டு அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பழைய ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது ஒரு காலையில், நைட் டியூட்டி முடிந்து வந்து போனைப் பார்த்தால் மன்றத்தின் வாட்ஸப் குழுவில் அவள் இல்லை. மெயிலுக்கும் வெப்சைட்டுக்கும் பாஸ்வேர்டு மாறியிருந்தது. "மன்றத்தின் நலன் கருதி இடைக்காலக் குழு பொறுப்பேற்கிறது. அமைதி காக்கவும். தேர்தல் விரைவில் அறிவிக்கப்படும்" என்று ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது. கீழே செந்திலின் பெயர்.

பூங்கொடி என் வீட்டுக்கு வந்து அழுதாள். அவளைக் கூட்டிக்கொண்டு ஆன்ட்டியிடம் போனேன். செந்தில் ஆபீஸ் போயிருந்தார். ஆன்ட்டி அந்தச் செய்தியை என் போனில் வாங்கிப் படித்தார். படித்தவர் சிரிக்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த மாறல சுமதி! நாட்டு நலன் கருதி. இடைக்காலக் குழு. மக்கள் அமைதி காக்கணும். தேர்தல் விரைவில். இத எத்தன தடவ நான் பிரெஞ்சுலேந்து இங்கிலீஷுக்குச் சொல்லியிருக்கேன்! தமிழ்ல இன்னிக்குத்தான் படிக்கறேன்."

"எனக்கு வேணாம் ஆன்ட்டி. விட்ருங்க. ஊர்ல நிம்மதியா இருந்தாப் போதும்" என்றாள் பூங்கொடி.

"நீ வேணாம்னு சொல்றது ஒன் இஷ்டம்மா. ராஜினாமா எழுதிக் குடு, வாங்கிக்கறேன். ஆனா ஒன்னப் புடிச்சுத் தள்ளினத ராஜினாமான்னு என்னால எழுத முடியாது."

பூங்கொடி எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று சுற்றுக் காபியையும் குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

இப்போது நிலவரத்தைப் பாருங்கள். ஆன்ட்டி இருப்பது செந்திலின் வீட்டில். சர்க்கரைக்கு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போவது செந்தில். ஃபிரிட்ஜில் மாத்திரைப் பட்டியலை ஒட்டிவைத்திருப்பதும் செந்தில்தான். கெட்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் மன்றத்தைச் சஸ்பெண்ட் பண்ணினால் ஆன்ட்டிக்கு அந்த வீடு இருக்குமா என்பதுதான் கேள்வி. எனக்குப் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் வேறு, "பொங்கலுக்கு மைக், ஸ்டேஜ், ஹால் எல்லாம் பெரிய மன்றத்தோடது. நமக்கெதுக்கு வம்பு?" என்று ஓதிக்கொண்டே இருந்தார்.

அவசரக் கூட்டம் நடந்தது. செந்தில் நன்றாக அயர்ன் பண்ணிய சட்டையில் வந்து, பெரிய மன்றத்தின் நாற்காலியில் உட்காரப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஆன்ட்டி. "இந்த நாற்காலிக்கு நீங்க எந்த வழியா வந்தீங்க?"

செந்தில் சிரித்தார். "கார்லதான் அத்தை, உங்களோடதான வந்தேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது. "அத்தை, இது உங்க ஆப்பிரிக்கா இல்ல."

"தெரியும் உறுப்பினரே. அங்கன்னா டாங்க்ல வந்திருப்பீங்க. இங்க வாட்ஸப்ல வந்திருக்கீங்க."

விதியை வாசித்தார். மற்ற நாலு மன்றங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அகர வரிசை, முதலில் நான். இருப்பதிலேயே சின்ன மன்றம், பெரிய மன்றத்தின் மைக்கில் பேசி அவர்கள் மேடையில் ஆடிய மன்றம், முதலில் வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்த அகர வரிசையை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுந்தேன். "நிறுத்தி வைக்கணும்" என்றேன். சொன்ன பிறகு, யாருக்கு வந்த பயமோ என்று பயம் போய்விட்டது. மற்ற மூவரும் என்னைப் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகச் சம்மதித்தார்கள்.

"பெரிய மன்றம் நிறுத்தி வைக்கப்படுது. நாற்காலி இங்கயேதான் இருக்கும். யாரும் எடுக்கக் கூடாது, யாரும் உக்காரக் கூடாது. பிள்ளைங்க எப்பவும்போல பொங்கல்ல ஆடணும், பாடணும். உறுப்பினரத்தான் நிறுத்தறோம், ஜனங்கள இல்ல" என்றார் ஆன்ட்டி. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காரிலேயே ஏறி வீட்டுக்குப் போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் மீன்குழம்பு வைத்தாராம். செந்திலுக்கு உயிர். "மாப்பிள்ளைக்கு மீன்குழம்பு வேற, மெம்பருக்கு நாற்காலி வேற" என்று சொல்லிப் பரிமாறியதாக நளினி என்னிடம் சொன்னாள். செந்தில் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அவர்கள் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் "மை டாட் காட் சஸ்பெண்டட்" என்று சொல்லிவைக்க, டீச்சர் கவலைப்பட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார்.

ஹால் கிடைக்கவில்லை. பொங்கலை ஒரு பார்க்கில் வைத்தோம். ஜனவரிக் குளிர், மலையெல்லாம் பச்சை, பனிமூட்டம் பதினோரு மணி வரை விலகவில்லை. பட்டுப்புடவைக்கு மேல் ஜாக்கெட், வேட்டிக்கு மேல் ஜாக்கெட். விறகு மூட்டக் கூடாது என்பதால் கேம்பிங் ஸ்டவ்வில் பொங்கல் பானை. விளக்கு காற்றில் நிற்கவே இல்லை. ஆனால் பெரிய மன்றத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தார்கள், பெற்றோர்கள் பின்னாலேயே வந்தார்கள். முன்வரிசையில் ஐந்து நாற்காலி போட்டு ஐந்திலும் ஊர்ப் பெயர் அட்டை வைத்திருந்தோம். கடைசியில் இருந்த பெரிய மன்றத்தின் காலி நாற்காலியில் அட்டை பறக்காமலிருக்க ஆன்ட்டி ஒரு கல்லை எடுத்து வைத்தார். முழங்கால் வலிக்காரர் ஒருவர் அதில் உட்காரப் போனார். ஆன்ட்டி அவரைத் தடுத்து, தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். அந்த மன்றத்து அம்மாக்கள் பூங்கொடியை இழுத்து வந்து, "இவங்கதான ஜெயிச்சவங்க, இவங்க உக்காரட்டும்" என்றார்கள். அதற்கும் ஆன்ட்டி விடவில்லை.

"நான் உக்காரவெச்சா அது என் கூட்டம் ஆயிடும். இது உங்க மன்றத்து நாற்காலி. காலியா இருக்கறது உங்க கண்ணுல படட்டும். யார உக்காரவெக்கணும்னு நீங்க போய் முடிவு பண்ணிட்டு வாங்க."

செந்தில் கார் நிறுத்துமிடத்திலேயே நின்று மகள் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பார்வை அடிக்கடி அந்தக் கல்லுக்குப் போய் வந்ததை நான் கவனித்தேன்.

அந்த வாரமே பெரிய மன்றத்து உறுப்பினர்கள் தேர்தல் கேட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். செந்தில் வீட்டில் நிலைமை முற்றியது. "நான் எலக்ஷன்ல நிக்கக்கூடாதுன்னு ஒரு ரூலா? எங்க வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எனக்கே தடையா?" என்று ஒருநாள் சத்தம் போட்டிருக்கிறார். நளினி நடுவில் மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். "அம்மா, கொஞ்ச நாள் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாயேன்." நளினியின் தம்பி நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருந்தான். ஆன்ட்டி பெட்டியைக் கட்டினார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"விதியக் கொஞ்சம் வளைச்சிருக்கலாம்ல ஆன்ட்டி? ஊர்ல யார் கேக்கப் போறாங்க?"

"நீ கேட்டிருப்ப" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, ஃப்ரீவேயில் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

தேர்தல் முறையாக நடந்தது. ஆன்ட்டி சொன்னபடி மற்ற நாலு மன்றங்களிலிருந்தும் ஆளுக்கொருவர் போய்ப் பார்வையாளராக உட்கார்ந்தோம். பூங்கொடி நின்றாள். எதிரே செந்திலின் சிநேகிதர் ஒருவர் நின்றார். ஓட்டுகளை எங்கள் கண்ணெதிரேதான் எண்ணினார்கள். ஒரு தில்லுமுல்லும் இல்லை. பூங்கொடி தோற்றுப்போனாள்.

எனக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது. கூட்டமைப்பின் அடுத்த கூட்டத்தில் ஆன்ட்டி பிஸ்கட்டவேயிலிருந்து வீடியோவில் வந்தார். இப்போது நிஜமாகவே காதில் ஹெட்செட் இருந்தது. "பெரிய மன்றம் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படுது" என்று, நிறுத்தி வைத்த அதே குரலில் வாசித்தார். ஜெயித்தவரை, "வாங்க உறுப்பினரே, உக்காருங்க" என்றார். பார்க்கிலிருந்து கொண்டுவந்து அந்த நாற்காலியில் நாங்கள் வைத்திருந்த கல்லை எடுத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். சுவரோரம் நின்றிருந்த பூங்கொடிக்குத் தாங்கவில்லை.

"இதுக்கா ஆன்ட்டி? மக வீட்ட விட்டுட்டுப் போனீங்களே, நான் தோக்கறதுக்கா?"

ஆன்ட்டி விரல் இரண்டையும் காதில் வைத்துக் கேட்டார்.

"ஆமாம்மா. எல்லார் முன்னாடியும் நின்னு தோக்கற உரிமை ஒனக்கு இருந்துச்சு. அத ஒன்கிட்டேந்து புடுங்கிட்டாங்க. அதத்தான் திருப்பி வாங்கினேன். ஜெயிக்கறது ஒன் வேல."

பூங்கொடி வெளியே போய்விட்டாள். அந்த வருஷம் முழுக்க மன்றத்தின் ஒரு கூட்டத்தைக்கூட அவள் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். நைட் டியூட்டி உடுப்போடு வந்து கேட்டாள். குழுவிலிருந்து அவளை நீக்க யாருக்கும் கை வரவில்லை, அந்தக் காலி நாற்காலியை ஊரே பார்த்திருந்தது. மறு தேர்தலில் ஜெயித்தாள். தோற்றவர் மேடையிலேயே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கைகுலுக்கினார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் என் கிரீன் கார்டு வந்தபோதுகூட வரவில்லை.

இனி செந்தில் கதை. அதை அவரே ஒரு பொங்கலன்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆபீஸ் வேலையாக நியூயார்க் போனவர், அங்கிருந்து கார் எடுத்துக்கொண்டு பிஸ்கட்டவே போயிருக்கிறார். நம் வீடுகளில் முன்கதவு ஒரு அலங்காரம்தானே? சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் கராஜ் வழியாகத்தான் போவோம் வருவோம். மச்சான் கராஜைத் திறந்துவிட்டு, "வாங்க மாமா" என்று கூப்பிட்டிருக்கிறான். இவர் போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து முன்கதவில் நின்று பெல் அடித்தாராம்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல்.

"மாப்பிள்ள வந்திருக்கேன் அத்தை. வாசல் வழியா வந்திருக்கேன்."

கதவு திறந்தது. வறுத்த காபி வாசனையும் அலாரச் சத்தமும் சேர்ந்து வந்தன. மூன்று சுற்றும் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மீன்குழம்பும் இருந்ததாம். கடைசியில் செந்தில், "நான் செஞ்சது தப்பு அத்தை. வீட்டுக்கு வாங்க" என்று கேட்டிருக்கிறார்.

"வரேன் மாப்பிள்ள. கண்டிப்பா வரேன். ஆனா இப்ப முடியாது. இங்க மூணு மன்றத்துக்காரங்க சேந்து வந்து கூப்பிட்டிருக்காங்க, ஒத்துக்கிட்டேன்."

"எதுக்கு அத்தை?"

"பெருசா ஒண்ணும் இல்ல" என்றாராம் ஆன்ட்டி. "குத்துவிளக்கு ஏத்தணுமாம்."